இரண்டு மூக்கு, இரண்டு கையெழுத்து

கஞ்சாக் கொம்பனியில் மணம் பிடிக்கிற வேலை பார்த்தேன் என்று சொன்னால் நம்முடைய ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப உங்களுக்கும் கொஞ்சம் ஏறுமோ?" என்று கேட்பார்கள். ஏறாது. மூடியைத் திறந்து மூன்று தரம் மணந்து பார்த்துவிட்டு மூடினால் எவருக்கும் வெறி வராது. இதை எத்தனை கலியாண வீட்டில், எத்தனை செத்த வீட்டில் விளக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் பழைய வேலையிடத்திலிருந்து இரண்டு பேர் தொலைபேசியில் வந்தார்கள். அங்கே மணம் பிடிக்க இனி இயந்திரம் வருகிறதாம். மூக்கால் வேலை செய்த காலத்தைப் பற்றி நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "பகிடியா எழுதுங்கோ அண்ணை, வாசிக்கிற பெடியளுக்குச் சந்தோசமா இருக்கோணும்" என்றார்கள். எழுத உட்கார்ந்து பார்த்தால் பகிடி கொஞ்சம்தான் இருக்கிறது. மிச்சம் பகிடி இல்லை. அந்த மிச்சத்தைத்தான் எழுதுகிறேன். அவர்கள் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

பிரெஞ்சு பேசுகிற எங்கள் நகரத்தில், சென்ட் லோரன்ட் பக்கம், இருமல் மருந்து செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். மருந்துப் பாணியில் செர்ரி வாசம் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று சொல்வது என் வேலை. ஒரு நாள் காலை எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டு, கட்டிடம் விற்கப்பட்டுவிட்டது, வாங்கியவர்கள் அரசாங்க அனுமதியோடு கஞ்சா செய்யப் போகிறார்கள், விரும்பியவர்கள் தொடரலாம் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து மனைவி சாந்தியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஊரிலை இதுக்குப் பொலிஸ் பிடிக்கும். இஞ்சை இதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்களோ?"

"ஓம். முந்தி தந்ததிலும் கூட."

"அப்ப சனத்துக்கு என்ன சொல்லுறது?"

மூலிகைக் கொம்பனி என்று சொல்வதாக முடிவாயிற்று. மூலிகை என்பதில் பொய் இல்லைத்தானே. அந்தச் சாட்டு கனநாள் நிற்கவில்லை.

பயிற்சி ஆறு கிழமை. முப்பது சின்னப் போத்தல்கள் கொண்ட ஒரு மரப்பெட்டி தந்தார்கள். எலுமிச்சந்தோல், மிளகு, கராம்பு, பைன் மரம், ஈரமண், பெற்றோல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மணம். கண்ணை மூடிக்கொண்டு முப்பதையும் சொல்ல வேண்டும். நான் நாலாம் கிழமையே சொல்லிவிட்டேன். மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது அன்றைக்குத்தான்.

கொம்பனியின் பெரிய சரக்கு மத்தான். பிரெஞ்சில் காலை என்று பொருள். சற்றீவாப் பக்கம், அதாவது ஆளை உசுப்பிவிடும் என்று பெயர் எடுத்த செடிப் பக்கம், சாய்ந்த வகை என்று அட்டையில் போட்டிருப்பார்கள். தாய் வழி தாய்லாந்துச் செடி, தந்தை வழி ஆப்கானிஸ்தான் பக்கத்துக் குட்டைச் செடி. உயரமும் ஒடுங்கிய இலையும் தாயிடமிருந்து வந்தவை. தாய்ச்செடியைப் பூக்க விட்டால் அது கூரையை முட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்குமாம். தந்தையின் இரத்தம் கலந்ததால் பதினொரு கிழமையில் பூத்து முடிகிறது. பூ இறுக்கமாக இராது. விரலால் அமர்த்தினால் பொலபொலவென்று பிரியும்.

அதன் மணத்தை முதல் நாள் பிடித்தபோது நான் எழுதியது மாங்காய்ப் பால். மாங்காய்க் காம்பை ஒடித்தால் சுரீரென்று வடியுமே, மேலில் பட்டால் புண்ணாக்குமே, அந்தப் பால். அதற்குப் பின்னால் நசுக்கிய கொத்தமல்லி, கடைசியில் பைன் பலகை. கூட இருந்தவர்களுக்கு மாங்காய்ப் பால் விளங்கவில்லை. காட்டலாம் என்று ஜான்-டலோன் சந்தைக்குப் போய் மாங்காய் தேடினேன். கழுவித் துடைத்து ஒட்டுத்தாள் ஒட்டி வருகிற மாங்காயில் பால் எங்கே இருக்கப்போகிறது? ஆனால் ஆய்வுகூடத்தில் இருந்த பெண் நான் எழுதியதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். மத்தானில் அதிகமாக உள்ள வாசனை எண்ணெய்க்குப் பெயர் தெர்பினோலீன். மாங்காய்ப் பாலிலும் அது இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து கொம்பனித் தாளில் அந்தச் சொல் நிரந்தரமாக ஏறிவிட்டது.

இன்னொரு சரக்கு லேன். கம்பளி நூல் என்று பொருள். சாதுவானது. வெறி தருகிற பொருள் குறைவு, அதைத் தணிக்கிற பொருள் கூட. மூட்டு நோவுக்காரரும் வயது போனவர்களும் வாங்குவது. கராம்பும் மிளகும் ஈரமண்ணும் மணக்கும். மத்தானையும் லேனையும் பூவாகப் பார்த்தால் சின்னப்பிள்ளையும் பிரித்துச் சொல்லும். அரைத்துவிட்டால் இரண்டும் ஒரே பச்சைத் தூள். அதற்குப் பிறகு மூக்குத்தான் கண்.

மத்தான் மனிதருக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வாடிக்கையாளர் கடிதங்களால்தான். ஒருவர் ஒரே மத்தியானத்தில் குசினிச் சுவர் முழுக்கப் பெயின்ற் அடித்தாராம். ஒருத்தி பதினைந்து வருடம் கதைக்காத தமக்கையோடு மூன்று மணித்தியாலம் கதைத்தாளாம். இன்னொருவர், நெஞ்சு அடித்த அடியில் சாகப்போகிறேன் என்று நினைத்து உயிலைத் தேடினேன் என்று எழுதியிருந்தார். இந்தக் கடிதங்களை எங்களுக்கு வாசித்துக் காட்டுவது எங்கள் மேலாளர் மடாம் ஜோசியான்.

மடாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்கியவர், மெலிந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு தாளை மேசையில் வைப்பதற்கு முன் மேசையை அற்ககோல் போட்டுத் துடைப்பார். யாரிடமாவது பிழை கண்டுபிடித்தால் எதிரே உட்கார மாட்டார்; பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்ப்பதுபோல உட்காருவார். அவர் கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டாலே நாங்கள் அவரவர் தாளைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம். "சற்றீவா என்பது செடியின் உருவம், மிஸ்யூ சிவா. மனிதனின் தலைக்குள் நடப்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. உத்தரவாதம் தருவது நீங்களும் நானும்" என்று அடிக்கடி சொல்வார்.

அந்த உத்தரவாதம் நடக்கிற இடம் ஒரு சின்ன வெள்ளை அறை. அறைக்குள் வருகிறவர் சென்ற் பூசக்கூடாது, தலையில் எண்ணெய் வைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமையிலும் நான் சந்தனம் இல்லாமல்தான் போவேன். பெட்டிகளில் அடைக்கப்போகிற தூளில் கொஞ்சம் ஒரு கறுப்புப் போத்தலில் வரும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்க வேண்டும். மூடியைத் திறந்து குட்டையாக மூன்று மூச்சு. பிறகு சொந்தச் சட்டைக் கையை ஒரு தரம் மணந்து மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மறுபடி மூன்று மூச்சு. எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும், இரண்டு கையெழுத்தும் விழும்வரை வாய் திறக்கக்கூடாது. இரண்டு தாளும் ஒத்துப்போனால் சரக்கு வெளியே போகலாம்.

வாய் திறக்கக்கூடாது என்பது சட்டம். நடைமுறை வேறு. என்னோடு இரண்டாவது மூக்காக வந்தவள் கவிதா. சென்னை குரோம்பேட்டைக்காரி, முப்பத்தைந்து வயது. இங்கே படிக்க வந்து, படிப்பு முடிந்து, கொம்பனி பெயரில் எடுத்த வேலை அனுமதியோடு நின்றவள். வேலை போனால் அனுமதியும் போகும். புருஷனும் ஆறு வயது மகளும் ஊரில், இவளுக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தார்கள். நான் அவளைப் பிள்ளை என்பேன். அவள் என்னை அங்கிள் என்பாள். அறைக்குள் இரண்டு பேரும் தமிழ். தமிழில் கதைத்தால் சட்டம் மீறப்பட்டது யாருக்குத் தெரியும்?

இனி நோய்க்கு வருகிறேன். கொரோனா எனக்கும் வந்தது. இரண்டு கிழமை மூக்கில் ஒன்றுமே ஏறவில்லை. சாந்தி மீன்குழம்பு வைத்தால் வெந்நீர் மாதிரி இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது. திரும்பிவிட்டது என்று நம்பினேன். வேலைக்குப் போனபோது அந்த முப்பது போத்தல் பெட்டியைத் தந்து சோதித்தார்கள். முப்பதையும் சரியாகச் சொன்னேன். போத்தல்களின் ஒழுங்கு எனக்கு மனப்பாடம் என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, சத்தியமாக எனக்கும் தோன்றவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று ஏமாற்றியவன் இல்லை நான். கராம்புப் போத்தல் கைக்கு வந்தபோது கராம்பு மணத்தது.

அதற்குப் பிறகு கவிதாவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. போத்தலை முதலில் தான் எடுப்பாள். மணந்துவிட்டுச் சத்தமாகச் சொல்வாள். "மாங்காய்ப் பால் தூக்கலா இருக்கு அங்கிள். கொத்தமல்லி கம்மி. பின்னாடி லேசா ஈரத் துணி வாசம். சரியா?" நானும் மணந்து பார்ப்பேன். அவள் சொன்னதெல்லாம் அப்படியே இருக்கும். "கெட்டிக்காரி. தேறீட்டாய் பிள்ளை" என்பேன். ஒரு நாள் பத்துக்கு எட்டுப் புள்ளி கூடப் போட்டேன். அவள் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். இப்படி ஒரு வருடத்துக்குக் கிட்டப் போயிற்று.

அந்தக் காலை அரசாங்கத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார். வெள்ளை அறைக்குள்ளேயே வந்து சுவரோடு நின்றார். கையில் மணிக்கூடு. தமிழும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஊமைகள். வந்த போத்தலில் லேன் என்று எழுதியிருந்தது. நான் சூடாக்கினேன், மூன்று மூச்சு எடுத்தேன். கராம்பு, மிளகு, ஈரமண். எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். கவிதா கனநேரம் எடுத்தாள். சட்டைக் கையை இரண்டு தரம் மணந்தாள். என் தாளைப் பார்த்தாள். பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவளும் கராம்பு, மிளகு, ஈரமண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நல்ல ஒழுங்கு என்று பாராட்டிவிட்டு அந்த ஆள் போய்விட்டார். பதினொரு மணிக்குச் சரக்கு வண்டி ஏறியது.

மூன்று கிழமை கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் ஒரு மகள். துறைமுகப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் அவளுடைய தாய்க்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் நோவுக்கு மத்தியானத்தில் லேன் தூள் ஒரு சின்னக் கரண்டி, ஆவியாக்கும் கருவியில் போட்டு இழுப்பது வழமை. அன்றைக்குப் புதுப் பெட்டி உடைத்து அதே அளவு இழுத்திருக்கிறார். சில நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்க, வீட்டுக்குள் யாரோ நிற்கிறார்கள் என்று பயம் பிடித்து, வீட்டுச் செருப்போடு வெளியே ஓடியிருக்கிறார். வெளியே இரும்புப் படி. மாசி மாதம், படியில் ஐஸ். இடுப்பெலும்பு முறிந்து, யாராவது பார்க்கும்வரை அரை மணித்தியாலம் கிடந்தாராம். அம்மா அந்தப் பெட்டியைத் தவிர வேறெதையும் தொடவில்லை, அதற்குள் என்ன இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள்.

மடாம் அந்தப் பெட்டியை எடுப்பித்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் முடிவு வந்தது. உள்ளே இருந்தது மத்தான். துளியும் சந்தேகம் இல்லாத மத்தான். விசாரித்தபோது விளங்கியது: ஆய்வுகூடத்துக்கு மாதிரி எடுத்த பிறகு, அரைக்கிற இடத்தில் தொட்டிகளைக் கழுவுவதற்காக இரண்டு அட்டைகளைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது மாறிவிட்டது. மற்றத் தொட்டி நல்ல காலம் இன்னும் அடைக்கப்படாமல் நின்றது. வெளியே போன பெட்டிகளை எல்லாக் கடையிலிருந்தும் திருப்பி அழைத்தார்கள்.

ஆனால் அப்போதும் என்னுடைய மூக்கில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எங்களுக்கு மணக்கத் தந்த மாதிரி வேறு, பெட்டியில் அடைத்தது வேறு என்று அடித்துச் சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன், எவ்வளவு ரோசத்தோடு சொன்னேன் என்று நினைத்தால் இப்போது வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

அடுத்த நாள் காலை மடாம் என்னை வெள்ளை அறைக்குக் கூப்பிட்டார். மேசையைத் துடைத்தார். மூன்று கறுப்புப் போத்தல்களை வைத்தார். கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது மத்தான், இது லேன், இது புது வகை. அவசரம் இல்லை, மிஸ்யூ சிவா. ஆறுதலாகச் சொல்லுங்கள்."

முதலாவதைச் சூடாக்கித் திறந்தேன். மாங்காய்ப் பால், நல்ல புதுப் பால், மூக்கின் அடியைச் சுட்டது. சொன்னேன். சட்டைக் கையை மணந்தேன். இரண்டாவது கராம்பு, மிளகு வழமையைவிடக் கொஞ்சம் கூட என்றேன். மூன்றாவதில் மெல்லிய எலுமிச்சந்தோல், பழுக்காத தோல் என்றேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, மூன்று போத்தல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் கவிழ்த்தார்.

மூன்றிலிருந்தும் விழுந்தது வெள்ளைப் பஞ்சு. வேறொன்றும் இல்லை.

நான் பஞ்சைக் கையில் எடுத்தேன். மூக்கில் வைத்தேன். மறுபடி வைத்தேன். என்ன சொல்வது? அந்தக் கணத்தில் எனக்கு வந்த பயம் வேலை போய்விடுமே என்ற பயம் இல்லை. பஞ்சு என்று கண்ணால் பார்த்த பிறகும் முதலாவது பஞ்சில் மாங்காய்ப் பால் மணத்துக்கொண்டே இருந்தது. என்னுடைய மூளை எனக்கே பொய் சொல்கிறது, அதுவும் இவ்வளவு வடிவாகச் சொல்கிறது! பஞ்சை மேசையில் திரும்ப வைத்தேன்.

"எப்போதிலிருந்து?" என்று மடாம் கேட்டார்.

"தெரியாது" என்றேன். அது உண்மை.

"அப்படியானால் இந்த ஒரு வருடமாக உங்கள் தாள் எப்படிச் சரியாக இருந்தது? ஒரு பிழை இல்லை. அந்த ஒரு நாளைத் தவிர."

அவர் கேட்டு முடிக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. மாங்காய்ப் பால் தூக்கலா இருக்கு அங்கிள், கொத்தமல்லி கம்மி, சரியா? நான் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன். புள்ளி வேறு போட்டிருந்தேன்.

மத்தியானம் கவிதாவைச் சாப்பாட்டு அறையின் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. எனக்கு மணம் தெரியேல்லை எண்டு உனக்கு எப்ப தெரியும்?"

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "நீங்க திரும்பி வந்த மூணாவது நாளே அங்கிள். பக்கத்து அறையில ஒயர் கருகி எல்லாரும் வெளிய ஓடினோம். நீங்க மட்டும் ஏன் ஓடுறீங்கன்னு கேட்டீங்க."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"எப்படிங்க சொல்றது? எனக்கு இந்த வேலை வாங்கிக் குடுத்ததே நீங்க. உங்களுக்கு மூக்கு போச்சுன்னு நான் எப்படி உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றது? ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷந்தான்னீங்க. ஓட்டிரலாம்னு நினைச்சேன்."

"அண்டைக்கு? அந்தாள் நிண்ட அண்டைக்கு?"

அவள் கண் கலங்கியது. "திறந்தவுடனே மாங்காய்ப் பால் அங்கிள். தூக்கி அடிச்சுது. உங்க தாளப் பாத்தேன், கராம்புன்னு எழுதிட்டீங்க. நான் வேற எழுதினா அந்த ஆளு முன்னாடியே உங்களச் சோதிப்பாங்க. உங்கள அவமானப்படுத்த கை வரல. மத்தியானம் தனியா மடாம்கிட்டச் சொல்லி நிறுத்திடலாம்னு இருந்தேன். பதினொரு மணிக்கே வண்டி போயிடுச்சு. அப்புறம் சொல்ல பயம்."

எனக்குக் கோபம் வந்தது. அவளில் இல்லை என்று இப்போது எழுதலாம். அப்போது அவளில்தான் வந்தது. என்ன மரியாதை இது? ஒரு கிழவனின் முகம் சிவக்கக்கூடாது என்று ஒரு கிழவியின் இடுப்பை உடைத்த மரியாதை. அதை அவளுக்குச் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. எங்கள் ஆட்களுக்குள் அதே இடத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தும் இருப்பேன்.

தவறு ஏன் நடந்தது என்று ஒவ்வொருவரும் தன் கையால் எழுதித் தர வேண்டும். அவளுடைய அனுமதி, அவளுடைய புருஷன், பிள்ளை எல்லாம் அந்தத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தன. இரவெல்லாம் யோசித்து, நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்கு மணம் போனதை நானே அறிந்து மறைத்தேன் என்றும், கவிதா வேறு மணம் பிடித்ததாகச் சொன்னபோது மூத்தவன் என்ற அதிகாரத்தில் நான்தான் அவளை மிரட்டிக் கையெழுத்து வாங்கினேன் என்றும் எழுதினேன். பரிசோதகர் வருவதற்கு முன்பே இது நடந்ததாக ஒரு கதையும் கட்டினேன். கையெழுத்துப் போட்டு மடாமிடம் கொடுத்தேன். கவிதாவுக்கும் சொன்னேன்.

"நான் எழுதினதுக்கு ஓம் எண்டு மட்டும் சொல்லு. எனக்கு இனி என்ன? வீட்டை போறவன்தானே. நீ தப்பீடுவாய்."

மடாம் அவளைக் கூப்பிட்டபோது நானும் அறையில் இருந்தேன். என் தாளை அவள் முன்னால் வைத்து, இது சரிதானா, சரியென்றால் கீழே ஒப்பமிடு என்றார் மடாம். கவிதா கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பேனாவை எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் மெதுவாக, இது நடக்கவில்லை, இவர் என்னை மிரட்டவில்லை, நான் மத்தானை மணந்துகொண்டே லேன் என்று கையெழுத்துப் போட்டேன் என்றாள்.

நான் தமிழில் கத்திவிட்டேன். "விசரே உனக்கு? உன்ர பிள்ளையை யோசி!"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் உங்களுக்காகப் பொய் எழுதினேன் அங்கிள். நீங்க எனக்காகப் பொய் எழுதுறீங்க. அந்தப் பாட்டிக்காக யாராவது ஒருத்தராவது உண்மைய எழுதணும்ல?"

மடாமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தலையைக் குனிந்துகொண்டார்.

முடிவு ஒரு கிழமையில் வந்தது. எனக்கு மணம் போனது நோய். என் தாளை நானே இட்டுக்கட்டினேன் என்று தெரிந்தும் கிழவன் உணர்ச்சிவசப்பட்டான் என்று விட்டுவிட்டார்கள். சம்பளத்தோடு விடுப்பு, பிறகு முழு ஓய்வூதியம், கேக்கும் வெட்டினார்கள். கவிதா அறிந்து பொய்க் கையெழுத்துப் போட்டவள். அவளுக்கு வேலை இல்லை. நான் மடாமின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். மூக்கில்லாதவனுக்கு ஓய்வூதியம், மூக்குள்ளவளுக்கு வெளியே போ, இது என்ன நியாயம் என்று கேட்டேன். மடாம் அன்றைக்கு மேசையைத் துடைக்கவில்லை. "நோய்க்கு ஒரு விதி இருக்கிறது, மிஸ்யூ சிவா. அறிந்து போட்ட கையெழுத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. இரண்டையும் நான் எழுதவில்லை" என்றார். அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன்.

வேறு வேலை தேடி அலைந்து பார்த்து, அனுமதி முடிய கவிதா ஊருக்குப் போய்விட்டாள். இடுப்பு முறிந்த அந்த அம்மாவுக்கு நான் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். சட்டப்படி எழுதக்கூடாது என்று கொம்பனியில் சொன்னார்கள். ஓய்வுபெற்றவனை என்ன செய்வார்கள்? பதில் வரவில்லை. வராதது நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

சில மாதங்கள் கழித்துக் கவிதா கூப்பிட்டாள். சென்னைக்கு வெளியே மசாலா எண்ணெய் வடிக்கிற தொழிற்சாலையில் மணம் பிடிக்கிற வேலை ஒன்று இருக்கிறதாம்.

"ஒரு லெட்டர் வேணும் அங்கிள். என் மூக்கு எப்படின்னு எழுதுங்க."

"என்ர மூக்கே இல்லை, நான் என்னெண்டு எழுத?"

"ஒரு வருஷம் என் மூக்க வச்சுத்தானே வேலை பாத்தீங்க? உங்களவிட யாருக்குத் தெரியும்? நடந்ததையும் சேத்து எழுதுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

எழுதினேன். அவள் பொய்க் கையெழுத்துப் போட்டதையும் எழுதினேன். தபாலில் போட்ட பிறகு, பிள்ளையின் வாயில் நானே மண் போட்டுவிட்டேனோ என்று சாந்தியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து அந்தத் தொழிற்சாலை மேலாளரே கூப்பிட்டார். மரியாதையான மனிதர். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், நீங்களே எழுதியிருக்கீங்க, இவங்க தெரிஞ்சே ஒரு தடவை தப்பா கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு. அப்புறம் எப்படி சார் நான் நம்பி வேலை குடுக்கறது?"

"ஒருக்காப் போட்டவ. உண்மை. அவவைக் காப்பாத்த நான் எழுதின பொய்த்தாளிலை ரெண்டாந்தரமும் போடச் சொன்னனான். போட்டிருந்தா அவவுக்கு வேலை இருந்திருக்கும். இண்டைக்கு உங்களிட்டை வந்திருக்க மாட்டா. அவ போடேல்லை. நான்தான் போட்டன்."

அவர் என் கடிதத்தைத் திரும்பப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, அவள் எப்போது வேலைக்கு வர முடியும் என்று கேட்டார்.

"அதை என்னட்டைக் கேக்காதேங்கோ" என்றேன். "அவவிட்டைக் கேளுங்கோ."